மருத்துவர் கண்ணில் ஏன் விளக்கடித்துப் பார்க்கிறார்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர்கள் உள்ளே வந்து பார்க்கும் நேரமும், நாங்கள் படுக்கை படுக்கையாகச் சென்று பார்வையிடும் நேரமும் சில நாள்களில் ஒன்றாக அமைந்துவிடுவது உண்டு. அப்போது நாங்கள் செய்வதை அவர்கள் கூர்ந்து நோக்குகிறார்கள். நினைவிழந்து கிடப்பவரின் இமையை விரலால் விலக்கி, சிறிய டார்ச் விளக்கை ஒரு கண்ணில் அடிக்கிறோம். பிறகு மறு கண்ணில் அடிக்கிறோம். பஞ்சுத் திரியால் கருவிழியின் ஓரத்தைத் தொடுகிறோம். தலையை இருபுறமும் மெல்லத் திருப்பிப் பார்க்கிறோம். குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குச் சென்றுவிடுகிறோம். வெளியே வந்ததும் கேள்வி எழுகிறது: “டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களே சார், என்ன தெரிஞ்சுது?” ஸ்கேன் எடுக்காமல் விளக்கை அடித்துவிட்டுப் போகிறார்களே என்ற மனக்குறையும் சிலர் குரலில் தெரியும். வாசலில் நின்றபடி ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாத அந்த விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும், சுடுகிறது என்று நாம் உணர்வதற்கு முன்பே கை விலகிவிடுகிறது. நம் விருப்பத்தைக் கேளாமல் நரம்பு மண்டலம் தானாகவே செய்து முடிக்கும் இத்தகைய வினையை அனிச்சைச் செயல் என்கிறோம். ஒவ்வோர் அனிச்சைச் செயலுக்கும் மூன்று பகுதிகள் உண்டு. செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் நரம்பு ஒன்று. அதைப் பெற்று ஆணை பிறப்பிக்கும் நிலையம் ஒன்று. அந்த ஆணையைத் தசைக்குக் கொண்டுசேர்க்கும் நரம்பு மற்றொன்று. கைகால்களின் அனிச்சைச் செயல்களுக்கு நிலையம் தண்டுவடத்தில் உள்ளது. தலைக்கும் முகத்துக்கும் உரியவற்றுக்கு நிலையம் மூளைத்தண்டு.

மூளைத்தண்டு என்பது பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே, ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அளவே உள்ள பகுதியாகும். தலையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் 10 இணை இதனோடு தொடர்புடையவை. மூச்சை நடத்தும் மையமும், இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சீர்செய்யும் மையங்களும், நம்மை விழிப்புடன் வைத்திருக்கும் நரம்பு வலையும் இந்தச் சிறு இடத்திலேயே நெருக்கமாக அமைந்துள்ளன. ஆகவே இமை மூடுவதும் கண்மணி சுருங்குவதும் சிறிய செயல்களாகத் தோன்றினாலும், அவற்றின் நிலையங்கள் மூச்சின் நிலையத்துக்கு அண்டை வீடுகள். ஸ்கேன் வீட்டின் படத்தைக் காட்டும்; உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதை அறியக் கதவைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். விளக்கும் பஞ்சுத் திரியும் அவ்வாறு கதவைத் தட்டும் கருவிகளே.

கண்மணி சொல்வது

கண்ணின் நடுவே கருமையாகத் தெரியும் வட்டம் உண்மையில் ஒரு துளை. அதுவே கண்மணி. இருட்டில் அது 8 மில்லிமீட்டர் வரை விரியும். கடும் வெயிலில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இதை வீட்டிலேயே கண்டறியலாம். மங்கலான அறையில் ஒருவரை உட்காரவைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணில் மட்டும் சாதாரண டார்ச் ஒளியைக் காட்டுங்கள் (லேசர் விளக்கு கூடாது). ஒளி பட்ட கண்மணி சுருங்கும். ஒளி படாத மறு கண்மணியும் உடன் சுருங்குவதைக் காண்பீர்கள். பார்வை நரம்பு கொண்டுசெல்லும் செய்தி மூளைத்தண்டின் மேற்பகுதியை அடைந்ததும், அங்கிருந்து இரு கண்களுக்கும் ஒருசேர ஆணை செல்வதே இதற்குக் காரணம். இது ஓர் அனிச்சைச் செயல் என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் விட் 1751-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார்.

இந்த இரட்டை மறுமொழியால் எங்களுக்குப் பெரும் பயன் உண்டு. வலக்கண்ணில் ஒளி அடிக்கும்போது இரண்டு கண்மணிகளும் சுருங்காமல், இடக்கண்ணில் அடிக்கும்போது இரண்டும் சுருங்கினால், வலக்கண்ணின் பார்வை நரம்பில் கோளாறு. எந்தக் கண்ணில் அடித்தாலும் வலக் கண்மணி மட்டும் அசையாமல் இருந்தால், ஆணையைக் கொண்டுவரும் நரம்பில் கோளாறு. பேச இயலாத ஒருவரிடமிருந்து இத்தனை செய்திகளைச் சில நொடிகளில் பெற்றுவிடுகிறோம்.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு வருவோரை எண்ணிப் பாருங்கள். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்து தேங்கினால், மூளை ஒருபுறமாக நெருக்கப்படும். நெருக்கப்பட்ட மூளை, கண்மணியைச் சுருக்கும் நரம்பை அழுத்தும். அந்தப் பக்கத்துக் கண்மணி விரிந்து, ஒளிக்கு அசையாமல் நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்கு முன் சமமாக இருந்த கண்மணிகளில் ஒன்று இப்போது பெரிதாகியிருக்கிறது என்றால், அறுவை அரங்கை நோக்கி ஓட வேண்டிய நேரம் அது. இரவு முழுவதும் மணிக்கொரு முறை செவிலியர் வந்து விளக்கடித்துப் பார்ப்பது இதற்காகவே. “தூங்க விட மாட்டேங்குறாங்களே” என்று நோயாளியின் தாயார் வருந்துவதைக் கேட்டிருக்கிறோம். அந்த வருத்தம் இயல்பானதுதான். ஆயினும் அந்த விளக்கை நிறுத்த எங்களுக்கு மனம் வராது.

பூச்சிமருந்து குடித்தவர்களிடம் இதற்கு நேர்மாறாகக் காண்கிறோம். கரிமப் பாஸ்பரஸ் வகை மருந்துகள், நரம்பின் ஆணை தசையில் முடிவுறாமல் தொடர்ந்துகொண்டே இருக்கும்படி செய்துவிடும். ஆதலால் கண்மணி குண்டூசி முனையளவாகச் சுருங்கிப்போகும். வாயில் எச்சில் வழியும். நுரையீரலில் நீர் கோக்கும். குடித்த மருந்தின் பெயரை எவரும் சொல்லாவிட்டாலும் கண்மணி சொல்லிவிடும். முறிவாக நாங்கள் செலுத்தும் அட்ரோபின் மருந்தால் அதே கண்மணி பிறகு அகலமாக விரியும். முதல் நாள் சிறுத்தும் மறுநாள் பெருத்தும் இருப்பதைக் கண்டு உறவினர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு சிறு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். மயங்கியவரின் கண்ணிலும் மூக்கிலும் பச்சிலைச் சாறு பிழிவது நம் பக்கத்துச் சிற்றூர்களில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஊமத்தைச் சாறு பட்ட விரல் கண்ணில் பட்டாலே கண்மணி பல மணி நேரம் விரிந்து நிற்கும். அத்தகைய கண்ணுடன் நோயாளி வந்து சேரும்போது, அவர் மூளை எழுதிய செய்தியை நாங்கள் படிக்கிறோமா, பச்சிலை எழுதியதைப் படிக்கிறோமா என்பது தெரியாமல் போகிறது. அவ்வாறு ஏதேனும் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம்.

2024 ஜூன்

கண்மணியைப் பற்றிப் பேசும்போது கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதத்தை நினையாமல் இருக்க இயலாது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பலர் அங்கிருந்து சேலம், முண்டியம்பாக்கம் ஆகிய இடங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டார்கள். 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்திருந்தது.

மெத்தனால் தன்னளவில் அவ்வளவு கொடியதன்று. உடலின் கல்லீரல் அதை மாற்றியமைக்க முயலும்போது, முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் ஆகிவிடுகிறது. இந்த அமிலமே உயிரணுக்களின் மூச்சை அடைக்கிறது. உயிர்வளியை ஓயாமல் செலவிடும் விழித்திரையும் பார்வை நரம்பும் முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளுள் அடங்கும். “பனி மூட்டமா தெரியுது”, “வெள்ளையா மறைக்குது” என்று நோயாளி சொல்வார். விளக்கடித்தால் கண்மணிகள் மெதுவாகச் சுருங்கும், அல்லது சுருங்காமலே நிற்கும். இரண்டு கண்மணிகளும் விரிந்து அசைவற்று இருக்கும் நிலையில் ஒருவர் வந்தால், பார்வைக்கு மட்டுமன்றி உயிருக்கும் பேராபத்து என்பது எங்களுக்கு அக்கணமே தெரிந்துவிடும்.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும் என்பதே இந்த நஞ்சின் சூழ்ச்சி. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை, குடித்தவருக்குச் சாதாரணப் போதையும் தலைவலியும் தவிர வேறொன்றும் தோன்றாது. உடன் நல்ல சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். பிறகே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல் ஆகியவை தலைகாட்டும். எனவே உடன் குடித்தவர்களில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது என்று கேள்விப்பட்ட உடனே, தமக்கு ஒன்றும் இல்லை என்று எண்ணுபவரும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்தும், அமிலத்தைக் கழுவி வெளியேற்றும் டயாலிசிஸும் உண்டு. அவை கண்மணி சுருங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்கப்பட்டால் மிகுந்த பயன் தரும். காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி எங்கள் கடமைதான். ஆனால் சிகிச்சை அதற்காக ஒரு நிமிடமும் காத்திருப்பதில்லை.

இமை

கண்ணை இமை காப்பதுபோல் என்று நாம் சொல்லும் உவமை மருத்துவப்படி முற்றிலும் சரியானது. கருவிழியில் ஒரு தூசி பட்டால், முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பு அச்செய்தியை மூளைத்தண்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுசெல்கிறது. அங்கிருந்து முகநரம்பு ஆணையைக் கொண்டுவர, இரண்டு இமைகளும் மூடிக்கொள்கின்றன. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இமைத் தசை இயங்கத் தொடங்கிவிடும். தொல்காப்பியர் மாத்திரையின் கால அளவைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் குறித்தார். இதைவிட எளிதில் எவர்க்கும் கிட்டும் அளவுகோல் வேறு இல்லை. புகழேந்தியின் நளவெண்பாவில், நளனைப்போல் உருமாறி அமர்ந்திருந்த தேவர்களுக்கு நடுவே உண்மையான நளனைத் தமயந்தி அடையாளம் கண்ட குறிகளுள் ஒன்று, அவன் கண் இமைத்ததாகும். பஞ்சுத் திரியுடன் படுக்கையருகே நிற்கும்போது நாங்களும் அதையே தேடுகிறோம்.

இமை மூடும் நரம்பு பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதை முகவாத நோயாளிகளிடம் காணலாம். காலையில் எழுந்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒருபுறமாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒருபக்கம் கோணியிருக்கும். ஒரு கண் மூடாது. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் காற்று அடித்துவிட்டது என்பார்கள். முகநரம்பு வீங்கி, அது கடந்துவரும் எலும்புக் குழாய்க்குள் நெருக்கப்படுவதே இங்கு நிகழ்வது. முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறுகிறார்கள். கோணிய வாயைப் பற்றிக் கவலைப்படும் பலர் மூடாத கண்ணை மறந்துவிடுகிறார்கள். வாய் சில வாரங்களில் நேராகிவிடும். காய்ந்து புண்ணான கருவிழி தழும்பாகி வாழ்நாள் முழுவதும் பார்வையை மறைக்கும். பகலில் கண்ணீர்த் துளி மருந்தும், இரவில் களிம்பும், இமையை மூடி ஒட்டும் பட்டையும் இன்றியமையாதவை. முகம் கோணுவது பக்கவாதத்தாலும் நேரலாம். நெற்றியைச் சுருக்க முடிகிறதா என்பதைக்கொண்டு நாங்கள் வேறுபடுத்துவோம்; வீட்டில் அந்த ஆய்வில் இறங்காமல் உடனே வாருங்கள். கையும் தளர்ந்து பேச்சும் குழறினால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றி இருப்பவரின் இமைகள் மேல் நாங்கள் பட்டை ஒட்டியிருப்பதைக் கண்டு சிலர் திடுக்கிட்டுவிடுகிறார்கள். இமைக்கும் அனிச்சைச் செயல் இல்லாதவருக்கு அந்தப் பட்டையே இமையின் வேலையைச் செய்கிறது. அதில் வேறு பொருள் ஏதும் இல்லை.

வாயில் தண்ணீர் ஊற்றலாமா?

எங்களைப் பொறுத்தவரை இக்கட்டுரையில் வீட்டில் உள்ளோர்க்கு மிகவும் வேண்டிய பகுதி இதுவே. ஒருவர் மயங்கி விழுந்தால் நம்மவர்கள் முதலில் தேடுவது தண்ணீர்ச் செம்பை. முகத்தில் தெளிப்பதில் தீங்கில்லை. வாயில் ஊற்றுவதில்தான் ஆபத்து.

தொண்டையில் உணவு செல்லும் வழியும் மூச்சு செல்லும் வழியும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. தவறி ஒரு துளி உள்ளே போனால் புரையேறி, இருமல் அதை வெளியே தள்ளிவிடுகிறது. இவை யாவும் 9-ஆம், 10-ஆம் மண்டை நரம்புகள் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியோடு சேர்ந்து நடத்தும் அனிச்சைச் செயல்கள். நினைவிழந்தவரிடம் இந்தக் காவல் தளர்ந்திருக்கும். ஊற்றிய தண்ணீர் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும்; புரையேறும் ஓசைகூட எழாது. மூன்றாம் நாள் காய்ச்சலும் சளியுமாக அது நிமோனியாவாக வெளிப்படும். தொடக்க நோயிலிருந்து தப்பிய சிலரை இந்த ஒரு செம்புத் தண்ணீருக்கு நாங்கள் இழந்திருக்கிறோம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் உள்ளதைத் துடைத்து, அப்படியே கொண்டுவாருங்கள். சர்க்கரை நோயாளிக்கும் இதுவே விதி. விழித்து, தானாக விழுங்கக்கூடியவருக்கு மட்டுமே சர்க்கரைத் தண்ணீர்.

பக்கவாதம் வந்து நினைவோடு இருப்பவர்களிடமும் இந்தக் கேள்வி எழுகிறது. விழுங்கும் ஆற்றலைச் சோதித்த பிறகே வாய்வழி உணவு தருவோம். அதுவரை மூக்குக் குழாய் வழியே கஞ்சியும் பாலும் செல்லும். நாக்கின் அடியைத் தொட்டால் வரும் ஓங்கரிப்பு மட்டும் போதிய சான்று ஆகாது. நலமாக இருப்பவர்களிலும் பலருக்கு அது வருவதில்லை. ஆகவே சிறிதளவு தண்ணீரைக் கொடுத்து, இருமுகிறாரா, குரல் ஈரமாக மாறுகிறதா என்று கவனிக்கிறோம். “ரெண்டு நாளா பட்டினி போட்டுட்டாங்களே” என்று மனம் தாங்காமல், முந்தானையில் மறைத்து இட்லி கொண்டுவந்து ஊட்டிய மனைவியர் உண்டு. அந்த அன்பை எப்படித் தடுப்பது என்று எங்களுக்கும் தெரியாது. அந்த இட்லியைத் தருவதற்கு முன் எங்களுள் ஒருவரை அழைத்துவிடுங்கள் என்று மட்டும் வேண்டுகிறோம்.

தலை திரும்பும்போது கண்

இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமும் விரைவாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து தெளிவாகவே தெரியும். இப்போது தலையை அசைக்காமல், இதழை அதே விரைவில் ஆட்டிப் பாருங்கள். எழுத்து கலங்கிவிடும். முதல் முறை உங்கள் உட்செவி தலையின் அசைவை மூளைத்தண்டுக்கு அறிவிக்க, அது ஒரு நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண்களை எதிர்ப்புறம் திருப்பி ஈடுசெய்தது. இரண்டாம் முறை அந்த உதவி இல்லை. நினைவிழந்தவரின் தலையை நாங்கள் திருப்பிப் பார்ப்பது இந்தச் சுற்றைச் சோதிக்கவே. கழுத்தெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் தலையைத் திருப்பமாட்டோம். நீங்களும் விபத்தில் சிக்கியவரின் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

கதவு திறக்காதபோது

மேற்சொன்ன எல்லா அனிச்சைச் செயல்களும் அற்றுப்போய், வென்டிலேட்டரை நிறுத்தினால் மூச்சும் எழாத நிலையை மூளைத்தண்டு இறப்பு என்கிறோம். இந்தியாவில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அதன்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே அவ்வாறு சான்றளிக்கலாம். அந்தச் சோதனையைத் தொடங்கும் முன் ஒரு கட்டாயம் உண்டு. மயக்க மருந்தோ, நஞ்சோ, உடல் குளிர்ந்துபோனதோ இந்த நிலைக்குக் காரணம் அன்று என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அந்தக் கட்டாயம் ஏன் என்பதைக் கல்வராயன் மலை எங்களுக்குக் கற்பித்திருக்கிறது.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிக்கும். பல் பட்ட தடமும் வலியும் பெரும்பாலும் இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். இமைகள் தூக்கத்தில் செருகுவதுபோல் இருக்கும். சிறிது நேரத்தில் விழுங்க இயலாது, பேச்சு மூக்கால் வரும், பிறகு மூச்சுத் திணறும். இந்த நஞ்சு மூளையைத் தொடுவதில்லை. நரம்பின் முனையை, அதாவது ஆணையைத் தசையிடம் ஒப்படைக்கும் இடத்தைச் சிதைக்கிறது. நிலையம் நன்றாக இருக்கிறது. வெளியே செல்லும் கம்பி மட்டும் அறுந்திருக்கிறது. ஆகவே விளக்கடித்தால் கண்மணி சுருங்காமல் இருக்கலாம். பஞ்சால் தொட்டால் இமை மூடாது. தலையைத் திருப்பினால் கண் நகராது. புரையேறாது. மூளைத்தண்டு இறந்தவரிடம் காணும் அனைத்தையும் இங்கே காண்போம். ஆனால் உள்ளே அவர் முழு நினைவுடன் படுத்திருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணியைக் கொண்டுவந்தார்கள். மலைப்பாதை இறங்கி, கச்சிராயபாளையம் கடந்து வந்து சேர்ந்தபோது மூச்சு ஏறத்தாழ நின்றிருந்தது. கடித்த தடம் தெரியவில்லை. செருகிய இமைகளையும், விடியற்கால வயிற்றுவலியையும் கேட்டறிந்து, பாம்புக்கடி முறிமருந்து செலுத்தி வென்டிலேட்டரில் இணைத்தோம். சிதைந்துபோன நரம்பு முனைகளை முறிமருந்து மீட்காது. அவை தாமாக வளர்வதற்குள் மூச்சைக் காத்துத் தரலாம், அவ்வளவே. முதல் நாளும் இரண்டாம் நாளும் எந்த அனிச்சைச் செயலும் இல்லை. கண்மணிகள் அகலமாக விரிந்து அசைவற்றிருந்தன. கணவரின் அண்ணன் எங்களைப் படுக்கையருகிலேயே கேட்டார்: “உண்மையைச் சொல்லிடுங்க ஐயா. பொழைக்காதுன்னா வண்டி சொல்லிடறோம், ஊருக்கே கொண்டுபோயிடறோம்.” எங்கள் இளைய மருத்துவர்களிலும் ஓரிருவர் நம்பிக்கை இழந்திருந்தார்கள். கம்பி அறுந்திருக்கிறது, வீடு இடியவில்லை, ஒரு வாரமாவது பொறுத்திருங்கள் என்று அவரிடம் சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு காலையும் அந்தப் பெண்மணியின் காதருகே குனிந்து, “அம்மா, கால் பெருவிரலை அசைங்க” என்று சொல்லிக் காத்திருந்தோம். நான்காம் நாள் விரல் அசைந்தது. அசைந்தது என்று சொல்வதற்கும் தயங்கும் அளவுக்குச் சிறிய அசைவு. இன்னொரு முறை சொன்னோம், மீண்டும் அசைந்தது. அடுத்த நாள் கண்மணி சோம்பலாகச் சுருங்கியது. பிறகு இமை. ஒன்பதாம் நாள் தானாக மூச்சுவிட்டார்.

எல்லோரும் இவ்வாறு மீள்வதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மீண்டவர்களுக்கும் இழந்தவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல நேரங்களில் மூச்சு நிற்கும் முன் வந்து சேர்ந்தார்களா என்பதே. கட்டிலில் உறங்குவதும், கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வதும் கட்டுவிரியனைத் தடுக்கும் எளிய வழிகள். கடித்த இடத்தை இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். மந்திரிப்பதற்காக நிற்கும் ஒரு மணி நேரம் எவ்வளவு விலையுள்ளது என்பதை இனி நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். விடியலில் காரணமற்ற வயிற்றுவலியும் செருகும் இமையும் சேர்ந்து கண்டால், பாம்பை எவரும் பார்க்காவிட்டாலும் புறப்பட்டுவிடுங்கள். வண்டியில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; எச்சிலை விழுங்க அவரால் இயலாது.

அந்தப் பெண்மணி வீடு திரும்பும் நாளில், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வண்டி சொல்லிவிடலாம் என்று மச்சான் பேசியது தமக்குக் கேட்டது என்றார். போக வேண்டாம் என்று கத்தியதாகவும், வாய் வரவில்லை என்றும் சொன்னார். பிறகு, “அந்த வெளிச்சம்தான் சார் ரொம்பக் கூசுச்சு. மூடிக்கவும் முடியல. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?” என்றார். எங்களிடம் விடை இல்லை. கண்மணி அகன்றிருந்ததால் ஒளி முழுவதும் உள்ளே பாய்ந்திருக்கும்.

அன்றுமுதல் எங்கள் பிரிவில், நினைவிழந்தவர் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தாலும், நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்து, “கண்ணுல வெளிச்சம் அடிக்கப்போறோம்மா, ரெண்டு நொடிதான்” என்று சொல்லிய பிறகே விளக்கை எடுக்கிறோம். உறவினர்களும் படுக்கையருகே நிற்கும்போது, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணிப் பேசுங்கள். வண்டி பற்றிய பேச்சை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம்.